'ஃபிரேமிங்': முன்னிறுத்தலா, சட்டகமா?

வணக்கம்.

போர் நெருக்கடியில் எரிவாயு, அணுமின், காற்றாலை ஆகியவை செய்தியில் எப்படிக் காட்டப்படுகின்றன என்ற ஆய்வுக்கான குறியீட்டுக் கையேட்டில் (செய்திகளை எந்த வகையில் சேர்ப்பது என்று சொல்லும் விதித் தொகுப்பு) 'ஃபிரேம்' என்ற சொல் இடறுகிறது. ஒரு விஷயத்தின் எந்தப் பக்கத்தைக் காட்டி, எதை விட்டு, செய்தி அதைச் சொல்கிறது என்பதே ஃபிரேம். 'சட்டம்' என்றால் 'எரிசக்திச் சட்டம்' நாடாளுமன்றத்தில் நிறைவேறியதாகிவிடும். 'எரிவாயுக் கட்டமைப்பு' என்றால் குழாய்த்தடம்தான் நினைவுக்கு வரும். 'சாய்வு' வேண்டவே வேண்டாம். நேர்மையான செய்திக்கும் ஃபிரேம் உண்டு. 'முன்னிறுத்தல்' என்று வைக்கலாமா?

*

> 'முன்னிறுத்தல்' என்று வைக்கலாமா?

பாதிதான் வருகிறது. தகவல்தொடர்பு ஆய்வாளர் ராபர்ட் என்ட்மன் 1993இல் தந்த வரையறையில் தெரிவு, அழுத்தம் இரண்டும் உண்டு. முன்னிறுத்தல் அழுத்தத்தை மட்டும் சொல்லும், எதை விட்டோம் என்பதைச் சொல்லாது. 2019 மே மாதம் அமெரிக்க எரிசக்தித் துறை தன் நாட்டுத் திரவ இயற்கை எரிவாயு ஏற்றுமதியைச் 'சுதந்திர வாயு' என்றது. முன்னே நிற்பது சுதந்திரம். மீத்தேன் கசிவு விளிம்புக்கு வெளியே போய்விட்டது. அந்த விளிம்பு சொல்லுக்குள் இருக்க வேண்டும். ஆகவே 'சட்டகம்'. வினைக்கு 'சட்டகமிடு', தொழிற்பெயருக்கு 'சட்டகமிடல்', திரும்பச் செய்தால் 'மறுசட்டகமிடல்'.

ஒன்றில் மட்டும் கவனம்: எரிபொருளின் பெயரைச் சட்டகத்துக்கு வைக்காதீர்கள். ரஷ்யா உக்ரைனுக்குள் படையெடுத்து மூன்று நாள் கழித்து, 2022 பிப்ரவரி 27 அன்று, அப்போதைய ஜெர்மன் நிதியமைச்சர் கிறிஸ்டியான் லிண்ட்னர் புதுப்பிக்கத்தக்க ஆற்றலைச் 'சுதந்திர ஆற்றல்' என்றார். அங்கே வாயு, இங்கே காற்றாலை; சட்டகம் ஒன்றே. 'எரிவாயுச் சட்டகம்' என்று பெட்டி போட்டால், குறியீட்டாளர் (செய்தியை வகைப்படுத்துபவர்) வாதத்தைப் படிக்காமல் எரிபொருளைப் பார்த்தே போட்டுவிடுவார். பாதுகாப்புச் சட்டகம், விலைச் சட்டகம், பருவநிலைச் சட்டகம் என்று வாதத்தின் பெயரே இருக்கட்டும்.

*

சட்டகத்துக்கு என் ஆதரவு. கையேட்டில் இதையும் சேருங்கள்: தலைப்பையும் முதல் இரண்டு பத்திகளையும் வைத்து முதன்மைச் சட்டகம் ஒன்று, மீதியை வைத்துத் துணைச் சட்டகம் ஒன்று. பக்கத்திலேயே 'யார் குரல்' என்று ஒரு நெடுவரிசை: நிருபரா, மேற்கோளா? இது இல்லாவிட்டால் அமைச்சர் பேச்சு முழுவதும் பத்திரிகையின் சட்டகமாகப் பதிவாகும். கணக்கு கெடுவது பெரும்பாலும் இங்கேதான்.

இருவர் தனித்தனியே ஒரே 50 செய்திகளைக் குறியிடட்டும். இருவர் குறியீடும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் அளவான கிரிப்பென்டார்ஃப் ஆல்ஃபா (1 என்றால் முழு ஒப்பு) 0.80க்குக் கீழே போனால் வரையறையைத் திருத்துங்கள், திருத்தியும் 0.667ஐ எட்டாத வகையை எடுத்துவிடுங்கள்.

'மறுசட்டகமிடல்' மட்டும் நாக்கில் புரளவில்லை. 'சட்டக மாற்றம்' போதுமே?