"வீ டைடு த ஃபேப்ரிக்" என்று எழுதினேன், பையர் டையிங் யூனிட் விலாசம் கேட்கிறார்

பனியன் ஊர்க்காரன் எழுதியது:

வணக்கம். திருப்பூரில் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன், பையரின் ஆர்டரை ஆரம்பம் முதல் அனுப்பும் வரை கவனிக்கிற வேலை. பிளஸ் டூ வரை தமிழ் மீடியம், அப்புறம் பி.காம். ஆங்கிலத்தில் பேசச் சொன்னால் கொஞ்சம் திக்கும், மெயில் என்றால் பயமில்லை. நாலு வருடமாக எழுதி எழுதிப் பழகிவிட்டது. இப்போது அந்த மெயிலிலேயே மாட்டிக்கொண்டேன்.

போன வாரம் ஐரோப்பிய பையர் ஒருவருக்கு ஆர்டர் நிலவரம் எழுதினேன். 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்) சிங்கிள் ஜெர்சி பனியன் துணி, நேவி கலர், 6,000 பீஸ். எழுதியது இவ்வளவுதான்: "வீ டைடு த ஃபேப்ரிக் ஆன் மண்டே. வீ டெஸ்டெட் இட் ஆன் வெட்னஸ்டே. வீ ஆர் பிரிண்டிங் நவ்." திங்கட்கிழமை சாயம் போட்டாச்சு, புதன்கிழமை டெஸ்ட் பண்ணியாச்சு, இப்போது பிரிண்ட் ஓடுகிறது. திரும்பப் படித்துப் பார்த்துத்தான் அனுப்பினேன், ஒரு தப்பும் தெரியவில்லை.

மறுநாள் காலையில் மூன்று கேள்வி வந்து நிற்கிறது. உங்களுக்குச் சொந்த டையிங் யூனிட் இருப்பதாக எங்கள் பதிவில் இல்லையே, அதன் விலாசம் என்ன? உங்கள் லேபுக்கு ஐஎஸ்ஓ 17025 (டெஸ்டிங் லேப்களுக்கான சர்வதேசத் தரம்) அங்கீகாரம் உண்டா? பிரிண்டிங் எந்தக் கட்டடத்தில் நடக்கிறது?

எங்களிடம் இருப்பது கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங். நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங் எல்லாமே வெளியே ஜாப் ஒர்க். டெஸ்டிங்கும் வெளி லேப்தான். எங்கள் எம்.டி. மெயிலைப் படித்துவிட்டு, "ஏந்தம்பி, இல்லாத யூனிட்டை எல்லாம் எழுதி வெச்சிருக்கிறே?" என்றார். சிரித்துக்கொண்டே கேட்டார் என்றாலும் எனக்கு உள்ளே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

சீனியர் ஒருவர், "வீ மேட் த டையிங் யூனிட் டை த ஃபேப்ரிக்" என்று திருத்தி அனுப்பச் சொல்கிறார். பக்கத்து சீட்காரர், "வீ ஹேட் டைடு த ஃபேப்ரிக்" போதும் என்கிறார். எது சரி? இன்று சாயங்காலத்துக்குள் பதில் அனுப்ப வேண்டும்.


ரிட்டயர்டு வாத்தியார் எழுதியது:

தம்பி, உங்கள் சீனியர் சொன்னதும் வேண்டாம், பக்கத்து சீட்காரர் சொன்னதும் வேண்டாம். எழுத வேண்டியது: "வீ ஹேட் த ஃபேப்ரிக் டைடு."

நீங்கள் எழுதியது நல்ல தமிழ்தான், ஆங்கில உடுப்பில் போய்விட்டது. நான் 1998ல் கோபியில் வீடு கட்டினேன் என்று எல்லாரிடமும் சொல்கிறேன். ஒரு செங்கல்கூட எடுத்து வைக்கவில்லை, கொத்தனாருக்கு டீ வாங்கிக் கொடுத்ததோடு சரி. யாரும் என்னை "நீங்கள் கொத்தனாரா?" என்று கேட்டதில்லை. மூன்றாம் வேற்றுமையில் கருத்தா இரண்டு வகை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அரசன் கட்டிய கோயில், அது ஏவுதல் கருத்தா. தச்சன் கட்டிய கோயில், அது இயற்றுதல் கருத்தா. இரண்டுக்கும் வினை ஒன்றுதான், "கட்டிய". எந்தக் கருத்தா என்பதைக் கேட்கிறவர் ஊகித்துக்கொள்வார். அரசன் சாந்துச் சட்டி தூக்கியிருக்க மாட்டான் என்று நமக்குத் தெரியும். உங்கள் பையருக்குத் திருப்பூர் ஜாப் ஒர்க் பழக்கம் தெரியுமோ தெரியாதோ, அவர் கையில் இருப்பது நீங்கள் எழுதிய வரி மட்டும்தான்.

ஆனால் தமிழிலும் நாம் எப்போதும் மொட்டையாகச் சொல்வதில்லை, பாருங்கள். "ப்ளவுஸ் தைக்கக் கொடுத்தேன்", "துணியைச் சாயத்துக்குப் போட்டிருக்கிறோம்", "முடி வெட்டிக்கொண்டேன்", "பல் பிடுங்கிக்கொண்டேன்". இந்தக் கொடுத்தேனும் போட்டேனும் கொண்டேனும் நீங்கள் பேசும்போது வாயில் வருகிறதா? அந்த இடத்தில்தான் ஆங்கிலத்தில் இந்த அமைப்பு வேண்டும். முதலில் ஹேவ், அடுத்து பொருள், கடைசியில் வினையின் மூன்றாம் வடிவம்.

வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள். "ஐ ஹேட் மை ஹேர் கட்" என்றால் சலூனுக்குப் போய் வந்தீர்கள். "ஐ ஹேட் கட் மை ஹேர்" என்றால் வேறு ஏதோ நடப்பதற்கு முன்பே கத்தரிக்கோலை எடுத்து நீங்களே வெட்டிக்கொண்டீர்கள். அதே ஐந்து சொல்தான், "மை ஹேர்" இடம் மாறினால் ஆளே மாறிவிடுகிறார். பக்கத்து சீட்காரர் வரியில் நடந்தது இதுதான். துணியை "ஹேட்"டுக்கும் "டைடு"க்கும் நடுவில் வைக்காமல் பின்னால் தள்ளிவிட்டார், சாயத்தொட்டி மறுபடியும் உங்கள் கம்பெனிக்குள் வந்துவிட்டது.

காலம் மாறினால் ஹேவ் மட்டும்தான் மாறும். இப்போது நடக்கிறது: "வீ ஆர் ஹேவிங் இட் பிரிண்டெட்." நாளைக்கு: "வீ வில் ஹேவ் இட் டெஸ்டெட்." கேள்வி: "டிட் யூ ஹேவ் இட் டெஸ்டெட்?" இல்லை என்பதற்கு: "வீ டிட் நாட் ஹேவ் இட் டெஸ்டெட்." கடைசிச் சொல் அசையாமல் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

சீனியரின் "மேட்" பற்றி. "பண்ண வைத்தோம்" என்பதை அப்படியே தூக்கிப் போட்டிருக்கிறார். ஒரு ஆளை வைத்து "மேட்" என்றால், அவருக்கு இஷ்டமில்லை, நீங்கள் கழுத்தில் துண்டைப் போட்டு இழுத்தீர்கள் என்ற வாடை வரும். பணம் கொடுத்து வாங்கும் வேலைக்கு அது பொருந்தாது.


லேப் தேவி எழுதியது:

நான் துணி டெஸ்டிங் லேபில் ரிப்போர்ட் டைப் செய்கிறேன். வாத்தியார் ஐயா சொன்னதோடு இரண்டு விஷயம்.

ஹேவுக்குப் பதில் கெட்டும் போடலாம். "வீ காட் த ஃபேப்ரிக் டெஸ்டெட்." பொருள் ஏறக்குறைய ஒன்றுதான். கெட் கொஞ்சம் பேச்சு நடை, சில சமயம் அலைந்து திரிந்து முடித்த மாதிரி ஒலிக்கும். வாட்ஸ்அப்பில் காட், பையர் மெயிலில் ஹேட், இது என் பழக்கம்.

இன்னொன்றுதான் தினமும் கண்ணில் படுகிறது. "வீ காட் இட் டெஸ்டெட் ஃப்ரம் எ லேப்" என்று எழுதுகிறார்கள். "லேபிலிருந்து" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு ஃப்ரம் போடுகிறோம். செய்தவரைச் சொல்ல "பை", இடத்தைச் சொல்ல "அட்". "வீ ஹேட் இட் டெஸ்டெட் பை அன் அவுட்சைட் லேப்." ரிப்போர்ட்டை வாங்கினோம் என்று எழுதும்போது ஃப்ரம் சரி, டெஸ்ட் பண்ணியதற்கு ஒட்டாது.

அப்புறம் அண்ணா, "த ஃபேப்ரிக் வாஸ் டைடு" என்று யாருடைய பெயரும் இல்லாமல் எழுதித் தப்பித்துவிடலாம் என்று யோசனை வரும். இலக்கணம் தப்பில்லை. ஆனால் பையர் கேட்பதே யார் செய்தார்கள் என்பதைத்தானே. உங்களுடையது ஆர்கானிக் ஆர்டராக இருந்தால் இன்னும் கவனம். ஜிஓடிஎஸ் என்கிற ஆர்கானிக் துணிச் சான்றிதழில் டையிங், பிரிண்டிங் ஜாப் ஒர்க் யூனிட்டுகளும் உள்ளே வர வேண்டும். துவைத்தால் சாயம் போகிறதா என்று பார்க்கும் ஐஎஸ்ஓ 105 சி06 டெஸ்ட் ரிப்போர்ட்டில் எப்படியும் லேபின் பெயர் மேலேயே இருக்கும், அதை மறைத்து என்ன செய்வது?


மான்செஸ்டர் மழை எழுதியது:

சொந்த ஊர் பல்லடம், இங்கே வந்து பதினோரு வருடம் ஆகிறது. வாத்தியார் சொன்னது சரி, ஆனால் வெள்ளைக்காரர்கள் எப்போதும் அப்படிக் கறாராகப் பேசுகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். "வீ ஆர் பில்டிங் எ ஹவுஸ்" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார், வேலை செய்வது முழுக்க கான்ட்ராக்டர் ஆட்கள். தாஜ்மஹாலை ஷாஜகான் "பில்ட்" என்றுதான் அவர்களும் எழுதுகிறார்கள். சந்தேகம் வராத இடத்தில் அவர்களுக்கும் அரசன் கட்டிய கோயில்தான். "ஐ கட் மை ஹேர்" என்றால் மட்டும் உடனே தலையைப் பார்ப்பார்கள், வீட்டிலேயே வெட்டிக்கொள்கிறவர்கள் உண்டு என்பதால்.

இதே அமைப்பில் எனக்கு நடந்த கூத்து ஒன்று. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவர் திங்கட்கிழமை வந்து, "ஐ ஹேட் மை பைக் ஸ்டோலன்" என்றார். வகுப்பில் படித்தது ஞாபகம் வந்தது, ஆள் வைத்துத் தன் சைக்கிளைத் தானே திருட வைத்திருக்கிறார்! இன்சூரன்ஸ் பணத்துக்காக இருக்கும் என்று முடிவுகட்டி, அவரிடம் ஒரு வாரம் ஜாக்கிரதையாகப் பழகினேன். அப்புறம்தான் தெரிந்தது, நமக்கு நேர்ந்த கெடுதலையும் இதே வரிசையில் சொல்வார்கள் என்று. ஏற்பாடா, இழப்பா என்பதை வினையைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.


ரிட்டயர்டு வாத்தியார் எழுதியது:

சைக்கிள் கதை அருமை அம்மா. "பில்ட்" விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன், நான் கொஞ்சம் அதிகமாகக் கோடு போட்டுவிட்டேன். இந்த மெயிலுக்கு மட்டும் கோடு வேண்டும், ஏனென்றால் சொந்த டையிங் யூனிட் வைத்திருக்கிற கம்பெனிகளும் திருப்பூரில் இருக்கின்றன. அங்கே சந்தேகம் வரத்தான் செய்யும்.


பனியன் ஊர்க்காரன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றிங்க. சாயங்காலம் ஐந்து மணிக்கு இதை அனுப்பினேன்: "வீ ஹேட் த ஃபேப்ரிக் டைடு ஆன் மண்டே அண்ட் டெஸ்டெட் பை அன் அக்ரெடிட்டெட் லேப் ஆன் வெட்னஸ்டே. வீ ஆர் ஹேவிங் இட் பிரிண்டெட் நவ்." ஒரே ஹேட்டில் டைடு, டெஸ்டெட் இரண்டையும் கோத்துவிட்டேன், சரிதானே? கீழே மூன்று யூனிட்டின் பெயரும் விலாசமும் போட்டேன். லேப் தேவி சொன்னபடி ஃப்ரம் எங்கேயும் இல்லை. சீனியரிடம் கழுத்துத் துண்டு விளக்கத்தைச் சொன்னேன், "நம்ம டையிங்காரருக்கு மேட் போட்டாத்தான் சரியா வரும்" என்கிறார்.

ராத்திரியே பதில் வந்துவிட்டது. தெளிவாகிவிட்டது, நன்றி, டையிங் யூனிட்டின் கழிவுநீர் அறிக்கையையும் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பவும் என்று. டையிங்காரர் மதியம் இரண்டு மணிக்கு மேல் போனையே எடுக்க மாட்டார். "வீ வில் கெட் த டையர் டு செண்ட் இட்" என்று பதில் போடலாமா வாத்தியாரே? ஆளைச் சொல்லும்போது கெட்டுக்கு அப்புறம் "டு" வரும் என்று பார்த்தேன்.


ரிட்டயர்டு வாத்தியார் எழுதியது:

போடலாம். ஆள் வந்தால் "கெட்"டுக்கு "டு" வேண்டும், "ஹேவ்" என்றால் "டு" கிடையாது: "வீ வில் ஹேவ் ஹிம் செண்ட் இட்." அவர் போன் எடுக்காத ஆள் என்கிறீர்கள், அப்படியானால் கெட்தான் பொருத்தம். டைடு, டெஸ்டெட் இரண்டும் ஒரே ஹேட்டில் வருவது சரிதான்.