கப்பல் படிப்புக்கு பிளிமவுத் வந்தவர்களுக்கு: வேலை கடலில், விசா கரையில்

"அக்கா, க்ரூஸ் மேனேஜ்மென்ட் படிக்க வந்திருக்கேன். முடிச்சதும் இங்கேயே செட்டில் ஆயிடலாமா?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். அவசரத்தில் "கஷ்டம்" என்று மட்டும் பதில் போட்டேன். அது அவருக்குப் போதாது. விவரமாக எழுதுகிறேன், இந்த ஆண்டு வந்திருக்கும் மற்றவர்களுக்கும் உதவும்.

நான் இங்கிலாந்தில், பிளிமவுத் பல்கலைக்கழகத்தில் இந்தச் சுற்றுலாக் கப்பல் நிர்வாகப் படிப்பைப் படித்தேன். நான்கு ஆண்டுகள், அதில் மூன்றாம் ஆண்டு கப்பலில் வேலை. ஊரில் (தூத்துக்குடி) இன்றுவரை பாதிப் பேர் நான் மெரைன் இன்ஜினியர் என்றே நினைக்கிறார்கள். "எப்போ கேப்டன் ஆவே?" என்று பெரியப்பா ஒவ்வொரு பொங்கலுக்கும் கேட்பார். கப்பலை ஓட்டுவதற்கும் நமக்கும் சம்பந்தம் இல்லை. மிதக்கும் ஓட்டலை நடத்துவதுதான் படிப்பு: வரவேற்பு, அறைகள், சாப்பாடு, கரைச் சுற்றுலா, கணக்கு.

வகுப்பில் என்னை முதலில் உலுக்கியது கணக்குதான். பெரிய க்ரூஸ் நிறுவனங்களின் வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு டிக்கெட்டில் வருவதில்லை. கப்பலில் ஏறிய பிறகு பயணி மதுவுக்கும் ஸ்பாவுக்கும் சூதாட்ட மேசைக்கும் செலவழிப்பதில் வருகிறது. டிக்கெட் ஏன் சில சமயம் அடிமாட்டு விலைக்குப் போகிறது என்று அன்றுதான் புரிந்தது. அடுத்தது கோஸ்டா கொன்கோர்டியா என்ற க்ரூஸ் கப்பலின் விபத்து. 2012 ஜனவரி 13 அன்று இத்தாலிக் கரையோரம் பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்று மாலைதான் ஏறிய பயணிகளுக்கு அவசரகாலப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதனால்தான் 2015 முதல் கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ அந்தப் பயிற்சி (மஸ்டர் ட்ரில்) கட்டாயம். காபி கலக்கப் போனாலும் உங்களுக்கும் அதில் ஒரு பொறுப்பு உண்டு.

அதற்காகவே ஏறும் முன் எஸ்டிசிடபிள்யூ (கடல் ஊழியர் பயிற்சிக்கான சர்வதேச விதி) அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி. லைஃப் ஜாக்கெட்டோடு தண்ணீரில் குதித்து, கவிழ்ந்து கிடக்கும் ரப்பர் படகை நிமிர்த்த வேண்டும். துறைமுக ஊர்க்காரிதான், நீச்சல் தெரியாது! பயிற்சியாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன், பார்த்துக்கொண்டார். நீங்களும் சொல்லிவிடுங்கள். கடல் வேலைக்கு உடல் தகுதி உண்டு என்று காட்டும் இஎன்ஜி1 மருத்துவச் சான்றிதழுக்கு நம் ஜிபி (குடும்ப மருத்துவர்) போதாது, அங்கீகாரம் பெற்ற மருத்துவர்கள் தனியாக இருக்கிறார்கள். கடைசி நேரத்துக்கு வைக்காதீர்கள்.

இனி நம் பாஸ்போர்ட் விஷயம். அமெரிக்கத் துறைமுகம் தொடும் கப்பல் என்றால் கப்பல் ஊழியருக்கான சி1/டி விசா வேண்டும், பிரிட்டிஷ் தோழிகளும் எடுத்தார்கள். லண்டன் நைன் எல்ம்ஸில் இருக்கும் அமெரிக்கத் தூதரகத்துக்கு பிளிமவுத்திலிருந்து ரயிலில் மூன்று மணி நேரத்துக்கு மேல். ஆனால் நான் ஏற வேண்டியது ஸ்பெயினில், பார்சிலோனாவில். அதற்கு ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசா என் ஒருத்திக்குத்தான் தேவைப்பட்டது. தோழிகள் பெட்டி கட்டிக்கொண்டிருந்த வாரத்தில் நான் கைரேகை கொடுக்க அலைந்துகொண்டிருந்தேன். எந்தத் துறைமுகத்தில் ஏற்றுகிறார்கள் என்று ஆஃபர் வந்த அன்றே கேளுங்கள்.

கப்பலில் என் அறை ஜன்னல் இல்லாத இருவர் அறை, மேலும் கீழுமாக இரண்டு படுக்கை. ஊழியர் மட்டும் நடக்கும் நீண்ட நடைபாதைக்கு அமெரிக்க நெடுஞ்சாலையின் பெயரால் ஐ-95 என்பார்கள். முதல் வாரம் அதிலேயே வழி தவறினேன். கஷ்டமான நாள் டர்ன்அரவுண்ட். காலையில் பழைய பயணிகள் இறங்க, மதியம் புதியவர்கள் ஏற, இடைப்பட்ட சில மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான படுக்கைகளுக்கு விரிப்பு மாறும். நான் வரவேற்பு மேசையில் இருந்தேன், "என் பெட்டி எங்கே?" என்ற ஒரே கேள்விக்கு நாள் முழுக்கப் பதில். அமெரிக்கச் சுகாதார ஆய்வாளர்கள் சொல்லாமல் ஏறுவார்கள். 100க்கு 85 அல்லது அதற்குக் கீழ் வந்தால் தோல்வி, மதிப்பெண் ஊருக்கே தெரியும். அன்று சமையலறைப் பக்கம் ஒருவர் முகத்திலும் ரத்தம் இருக்காது.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கடல்சார் தொழிலாளர் சர்வதேச ஒப்பந்தப்படி 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு உண்டு. அதை இரண்டாகப் பிரிக்கலாம், ஒரு பகுதி 6 மணி நேரமாவது இருக்க வேண்டும். ஓய்வு நேரப் பதிவில் கையெழுத்துப் போடும் முன் படித்துப் பாருங்கள்.

வேலை வாங்கித் தருவதற்குக் கப்பல் ஊழியரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பதும் அதே ஒப்பந்தம்தான். என் சித்தி மகன் சென்னையில் ஓர் ஏஜென்டிடம் பெரும் தொகை கட்டிவிட்டு இன்னும் காத்திருக்கிறான். இந்தியாவில் ஏஜென்ட் என்றால் கப்பல் துறை தலைமை இயக்குநரகம் தரும், ஆள் சேர்ப்பதற்கான ஆர்பிஎஸ்எல் உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். உரிமம் இருப்பவரும் வேலைக்கென்று காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

வகுப்பு நடக்கும் காலத்தில் பகுதிநேர வேலை வாரம் 20 மணி நேரம்தான், திங்கள் முதல் ஞாயிறு வரை. சராசரி பார்ப்பதில்லை. நான் விருந்து மண்டபத்தில் பரிமாறிய காலத்தில் ஒரு மேனேஜர் "ரெண்டு மணி நேரம்தானே, இரு" என்பார். விசா போனால் அவருக்கு ஒன்றுமில்லை.

சரி, தம்பியின் கேள்வி. படிப்பு முடித்தபின் இங்கிலாந்தில் தங்கி வேலை பார்க்கத் தரும் கிராஜுவேட் விசா இப்போது 2 ஆண்டு, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் இளங்கலை, முதுகலை மாணவர்களுக்கு 18 மாதம். அதற்குப் பின் வேலை விசாவுக்கு ஸ்பான்சர் செய்யும் நிறுவனம் வேண்டும். 2025 ஜூலையிலிருந்து பட்டப்படிப்பு நிலை வேலைகளுக்குத்தான் பெரும்பாலும் ஸ்பான்சர், பொதுவான சம்பள வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்ட். ஓட்டல் துறையில் தொடக்க வேலை எதுவும் அந்தப் பக்கம்கூட வராது. கப்பல் வேலை அதற்கு வழியே இல்லை, ஏனென்றால் அது பிரிட்டனுக்குள் பார்க்கும் வேலை இல்லை. பிரிட்டனிலேயே இருக்க வேண்டும் என்பதுதான் முதல் ஆசை என்றால், முதலாண்டிலேயே வேறு படிப்புக்கு மாறுவது பற்றி யோசியுங்கள், மாறும் முன் பல்கலைக்கழக விசா பிரிவில் கேட்டுவிடுங்கள்.

கப்பல்தான் ஆசை என்றால் இந்த விசாக் கவலையே வேண்டாம். நான் இதை எழுதுவதும் தூத்துக்குடியில் எங்கள் வீட்டு மாடியிலிருந்துதான். ஒப்பந்தம் முடிந்து இரண்டு மாத விடுமுறை, அடுத்த கப்பலுக்கான டிக்கெட் வந்துவிட்டது. பெரியப்பா இன்னும் கேப்டன் பதவியை விடவில்லை.