பாபி ட்ரூப்: நடிப்பு அவருடைய இசையை விழுங்கிவிட்டதா?

ஸ்வரன்66:
அமெரிக்க ஜாஸ் கலைஞரும் நடிகருமான பாபி ட்ரூப் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது, 1972 முதல் 1977 வரை அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ‘எமர்ஜென்சி!’ என்ற மருத்துவத் தொடரில் அவர் நடித்த டாக்டர் ஜோ எர்லி வேடம்தான். அமெரிக்க நெடுஞ்சாலை ஒன்றைப் பற்றிய ‘ரூட் 66’ பாடலை எழுதி இசையமைத்தவரும் இவரே என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 1946இல் பென்சில்வேனியாவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் காரில் போகும்போது, உடன்வந்த மனைவி சிந்தியா சொன்ன ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, வழியில் வரும் ஊர்ப்பெயர்களையே பாட்டாக்கியவர் அவர். அரிசோனா மாநிலத்தில் மேற்கே போகிறவருக்கு வைனோனா என்ற ஊர் முதலிலும் ஃபிளாக்ஸ்டாஃப் பிறகும் வரும். பாட்டிலோ ‘அரிசோனா’வுக்கு இயைபு வேண்டி வைனோனா பின்னால் வருகிறது. வரைபடத்தை மீறவும் சந்தத்தைக் காக்கவும் தெரிந்த அந்தக் கை, ஐம்பது வயதுக்குமேல் ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்தது ஜாஸுக்கு நேர்ந்த இழப்பு என்பேன்.

தேன்மொழி:
இழப்பு என்பதை நான் ஏற்கவில்லை. 1941இல் சாமி கே இசைக்குழு பாடல் தரவரிசையில் முதலிடத்துக்குக் கொண்டுபோன ‘டாடி’ பாடலே, பென்சில்வேனியா பல்கலைக்கழக மாணவர்களின் ‘மாஸ்க் அண்ட் விக்’ மேடை நிகழ்ச்சிக்காக அவர் எழுதியதுதான். மேடை அவருக்குப் புதிதல்ல. கேமராவும் 1972இல் புதிதல்ல. 1956 முதல் 1958 வரை ‘ஸ்டார்ஸ் ஆஃப் ஜாஸ்’ நிகழ்ச்சியைத் தொலைக்காட்சியில் தொகுத்து வழங்கினார். இசைக்குழுத் தலைவர் டாமி டார்சியிடம் பாடல் எழுதும் வேலை பார்த்த அவரே, 1959இல் ஜாஸ் டிரம்மர் ஜீன் குருபாவைப் பற்றிய திரைப்படத்தில் டார்சியாக நடித்தார்.

ஸ்வரன்66:
ஜாஸை அறிமுகப்படுத்துவதும் டார்சியாக நடிப்பதும் இசைக்குள்ளேயே நிற்கும் வேலைகள். மருத்துவர் வேடம் அப்படியன்று. அதுவும் திறமை பார்த்துக் கிடைத்ததா? ‘எமர்ஜென்சி!’ தயாரிப்பாளர் ஜாக் வெப், ட்ரூப் 1959இல் மணந்த பாடகி ஜூலி லண்டனின் முன்னாள் கணவர். தலைமைச் செவிலி வேடத்தை லண்டனுக்கும், மருத்துவர் வேடத்தை ட்ரூப்புக்கும் அவர் கொடுத்தார். (விவாகரத்தானவர்கள் இவ்வளவு சுமுகமாக ஒரே படப்பிடிப்பில் இருந்தது தனி வியப்பு.)

தேன்மொழி:
வாய்ப்பு தெரிந்தவர் வழியாக வந்திருக்கலாம். ஐந்தாண்டுகளுக்கு மேல் அந்த வேடம் நின்றதற்கு உறவு மட்டும் போதாது. துணை மருத்துவச் சேவை என்பதையே அமெரிக்க வீடுகளுக்குப் பழக்கிய தொடரில், பதறாத, குரல் உயர்த்தாத மருத்துவர் ஒருவர் தேவைப்பட்டார். ட்ரூப்பின் நிதானம் அதற்குப் பொருந்தியது. மேலும், 1964இல் ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழுவினர் தம் முதல் ஆல்பத்தையே ‘ரூட் 66’ பாடலோடு தொடங்கினார்கள். அவருடைய பாட்டு அவருக்காகக் காத்திருக்கவில்லை.

ஸ்வரன்66:
பழைய பாட்டு ஓடியதை மறுக்கவில்லை. எழுபதுகளில் அதே தரத்தில் அவர் எழுதிய ஒரு புதிய பாட்டையாவது சொல்லுங்கள். பிறகு என் கருத்தைத் திருத்திக்கொள்கிறேன்.