அம்மாவுக்கு எப்டி புரிய வெக்கறது? ப்ரோட்டீன் ஃபோல்டிங், என்சைம் இன்ஹிபிட்டர் ஆராய்ச்சி

காசிமேட்டு பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். எம்எஸ்சி பயோகெமிஸ்ட்ரி முடிச்சிட்டேன், இப்போ ஒரு லேப்ல பிஎச்டிக்கு கூப்ட்ருக்காங்க, தலைப்பு ப்ரோட்டீன் ஃபோல்டிங்கும் என்சைம் இன்ஹிபிட்டரும், அதாவது புரதம் மடியறதும், உடம்புல ரசாயன வேலைய நடத்தற என்சைம்ங்கற புரதத்த நிறுத்தற தடுப்பானும். எங்கம்மா காசிமேட்ல மீன் யாவாரம், ராத்திரி ரெண்டு மணிக்கே ஏலத்துக்கு போயிடுவாங்க, என்னை இவ்ளோ தூரம் படிக்க வெச்சதே அந்த கூடைதான். இன்னும் அஞ்சு வருஷம்னு சொன்னதும் கோவப்படல, "அத்த கண்டுபுடிச்சா யாருக்கு இன்னாடி ஆவும்"னு மட்டும் கேட்டாங்க. எனக்கு ஒழுங்கா சொல்ல வரல. புரதம்னா நீளமா ஒரு சங்கிலிம்மா, அது மடிஞ்சாதான் வேலை செய்யும்னேன். "பொடவ மடிக்கற மாரியா"ன்னாங்க. ஆமான்னுட்டேன், அது சரியான்னு இப்போ எனக்கே சந்தேகமா இருக்கு. அப்புறம் மடிப்பும் தடுப்பானும் ஏன் ஒரே தலைப்புல வருதுன்னு அவங்களுக்கு புரியற மாதிரி ஒரு உதாரணம் வேணும். அம்மா பிரஷர் மாத்திரை போடறாங்க, நாள் பூரா மீனோட இருக்காங்க, அதுக்குள்ள இருந்தே எதாவது கெடைச்சா சொல்லுங்க ப்ளீஸ்.

வியாசர்பாடி லேப்காரன்:

தங்கச்சி, பொடவ உதாரணம் பாதி சரி. பொடவய மடிக்க ஒரு கை வேணும், புரதத்துக்கு அந்த கை வேணாம், எப்டி மடியணும்ங்கறது சங்கிலிக்குள்ளயே இருக்கு. அத காட்டினவர் கிறிஸ்டியன் அன்ஃபின்சன். மாட்டு கணையத்துல இருக்கற ரைபோநியூக்ளியேஸ்னு ஒரு என்சைம், அதோட சங்கிலில 124 அமினோ அமில கண்ணி, நாலு கந்தக கட்டு. அத 8 மோலார் யூரியால போட்டு பிரிச்சாரு, மெர்காப்டோஎத்தனால் போட்டு கட்டயும் அவுத்தாரு, என்சைம் வேலைய நிறுத்திடுச்சு. அப்புறம் ரெண்டையும் எடுத்துட்டு காத்து பட விட்டா தானா மடிஞ்சு மறுபடி வேலை செய்யுது! கந்தகம் இருக்கற எட்டு கண்ணிங்க, சிஸ்டீன்னு பேரு, ஜோடி சேந்துதான் அந்த நாலு கட்டு. அந்த எட்டும் ஜோடி சேர 105 வழி இருக்கு, அதுல சரியான ஒரே வழிய அது புடிச்சிடுது. 1972ல நோபல் குடுத்தாங்க. செல்லுக்குள்ள ஷாப்பரோன்னு உதவி புரதங்க உண்டு, ஆனா அதுக்கும் வடிவம் தெரியாது, மத்ததோட ஒட்டிக்காம மடிய எடம் குடுக்கும், அவ்ளோதான். கல்யாண வீட்ல பொண்ணு பொடவ கட்ட கதவ சாத்திட்டு வெளிய நிக்கற மாதிரின்னு அம்மாகிட்ட சொல்லு.

ஆனா லேப்ல இது லேசுல நடக்காது, இப்பவே சொல்லிடறேன். மனுஷ புரதத்த ஈ.கோலை பாக்டீரியால செய்ய வெச்சா நெறைய தடவை தப்பா மடிஞ்சு கட்டி கட்டியா சேந்துடும். அத யூரியால கரைச்சு, டயாலிசிஸ் பைல, அதாவது யூரியா மட்டும் வெளிய கசியற பொடி ஓட்ட பைல ஊத்தி, 4 டிகிரி கோல்ட் ரூம்ல வெச்சு யூரியாவ கொஞ்சம் கொஞ்சமா எறக்கணும். காலைல போனதும் மொத வேலையா பைய லைட்டுக்கு நேரா தூக்கி பாப்பேன். தண்ணி மாதிரி தெளிவா இருந்தா மடிஞ்சிருக்கு, திரிஞ்ச பால் மாதிரி இருந்தா மூணு நாள் வேலை போச்சு. எனக்கு பதினோரு தடவை திரிஞ்சுது. அப்புறம் ஆர்ஜினின்னு ஒரு அமினோ அமிலம் சேத்து பாத்தேன், தெளிஞ்சுது, அன்னிக்கு பைய கீழ வெக்கவே மனசு வரல.

தடுப்பான் எங்க வருதுன்னா, அதே ரைபோநியூக்ளியேஸ்ல வேலை செய்யறது 12வது கண்ணியும் 119வது கண்ணியும், ரெண்டும் ஹிஸ்டிடின்னு ஒரே அமினோ அமிலம். சங்கிலில ஒன்னு இந்த கோடி, ஒன்னு அந்த கோடி. மடிஞ்சப்புறம்தான் ரெண்டும் ஒரே குழில எதிரெதிரா வந்து நிக்குது. அந்த மாதிரி குழில போய் ஒக்காந்து வேலைய நிறுத்தற சின்ன மூலக்கூறுதான் பெரும்பாலும் தடுப்பான். மடிப்பு இல்லன்னா குழி இல்ல, குழி எப்டின்னு தெரிஞ்சா மருந்து செய்ய வழி தெரியும்.

தண்டையார்பேட்ட மருந்துக்கடை:

அக்கா, அம்மா மாத்திரை பேரு "ப்ரில்"னு முடியுதா பாருங்க, எனலாப்ரில், ராமிப்ரில் மாதிரி. முடிஞ்சா அதுவே என்சைம் தடுப்பான்தான், வேற உதாரணமே வேணாம். ஏசிஇன்னு ஒரு என்சைம் ரத்தக்குழாய இறுக்கற ஆஞ்சியோடென்சின் 2வ செய்யுது, மாத்திரை அத தடுக்குது, பிரஷர் எறங்குது. இந்த வகைல முன்னோடி கேப்டோப்ரில், பிரேசில்ல இருக்கற ஒரு விரியன் பாம்பு விஷத்த ஆராய்ஞ்சதுல உண்டானது, 1981ல அமெரிக்கால அனுமதி. ஏசிஇ குழிக்குள்ள ஒரு துத்தநாக அணு இருக்கு, கேப்டோப்ரில்ல இருக்கற கந்தகம் அத கெட்டியா புடிச்சிக்கும். ஏசிஇயோட வடிவமே அப்போ யாருக்கும் தெரியாதுக்கா, கார்பாக்சிபெப்டிடேஸ்னு வேற ஒரு என்சைமோட குழிய வெச்சு இதுவும் இப்டித்தான் இருக்கும்னு கணக்கு போட்டாங்க.

அதே ஏசிஇ பிராடிகினின்னு ஒன்ன ஒடைக்கற வேலையும் பாக்குது. தடுத்தா அது சேரும், சிலருக்கு தொண்டைல வறட்டு இருமல் வரும். கடைக்கு வந்து இருமல் சிரப் கேக்கறவங்ககிட்ட நான் மொதல்ல பிரஷர் மாத்திரை அட்டைய காட்ட சொல்வேன். டாக்டர்கிட்ட சொன்னா "சார்ட்டன்" வகைக்கு மாத்துவாரு, அது என்சைம தொடாது. அம்மாவுக்கு இருமல் இருந்தாலும் அவங்களா மாத்திரைய நிறுத்தக்கூடாது, டாக்டர பாருங்க.

பெரம்பூர் பெருசு:

கண்ணு, இந்த வேலை எங்கயோ வெளிநாட்டுதுன்னு அம்மா நெனக்கவேணாம். புரத சங்கிலி எந்தெந்த கோணத்துல திரும்ப முடியும்னு கணக்கு போட்டு வரைபடம் போட்டது நம்ம மெட்ராஸ் யுனிவர்சிட்டில, ஜி.என்.ராமச்சந்திரனும் ராமகிருஷ்ணனும் சசிசேகரனும், 1963ல. அதுக்கு முன்னாடி 1954லயே ராமச்சந்திரனும் கோபிநாத் கார்த்தாவும் தோல், எலும்புல இருக்கற கொலாஜன்ங்கற புரதத்தோட மூணு பிரி வடிவத்த சொன்னாங்க. கயிறு திரிக்கற ஊர்க்காரங்களுக்கு மூணு பிரின்னா ஒடனே புரியும். இன்னிக்கும் புதுசா ஒரு புரத வடிவம் வந்தா ராமச்சந்திரன் படத்துல வெச்சு சரி பாக்கறாங்க.

இன்னொன்னு, "படிப்பு"ன்னு மட்டும் சொல்லாத. சிஎஸ்ஐஆர் ஜேஆர்எஃப்னு ஆராய்ச்சி உதவித்தொகை பரீட்சை பாஸ் பண்ணிருந்தா மாசாமாசம் பணம் வரும், 2023 கணக்குப்படி 37,000, அதயும் அம்மாகிட்ட சொல்லு.

ராயபுரம் சுறா:

மீன்லயே இருக்கே தோழி! அண்ணன் யூரியால புரதம் பிரியும்னு சொன்னாரு இல்ல, சுறா ரத்தத்துல யூரியா நம்மள விட பல மடங்கு ஜாஸ்தி, கடல் உப்புக்கு ஈடு குடுக்க அது அப்டி வெச்சிருக்கு. அப்போ அதோட புரதம் எல்லாம் கெட்டுப்போவணுமே? போவாது, ஏன்னா டிஎம்ஏஓன்னு இன்னொரு பொருளும் வெச்சிருக்கு, ரெண்டு பங்கு யூரியாவுக்கு சுமாரா ஒரு பங்கு, அது மடிப்ப கலையாம காப்பாத்துது. செத்தப்புறம் பாக்டீரியா யூரியாவ அம்மோனியாவா மாத்திடும், டிஎம்ஏஓவ மீன் கவிச்சி அடிக்கற டிஎம்ஏவா மாத்திடும். பழைய சுறா மூக்க எரிக்கறது இதனாலதான்.

காசிமேட்டு பொண்ணு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து அம்மா சுறா புட்டுக்கு சுறாவ வேக வெச்சு தோல் உரிச்சிட்டு இருந்தப்போ பக்கத்துல ஒக்காந்து எல்லாத்தயும் சொன்னேன். மாத்திரை அட்டைய எடுத்துட்டு வந்து பாத்தோம், எனலாப்ரில்தான். பாம்பு விஷத்த கேட்டு ஒன்னும் சொல்லல. சுறாவுக்குதான் கை நின்னுச்சு. "எரியற மீன மோந்து பாத்தே தள்ளிடுவேன், முப்பது வருசமா அது இன்னான்னு தெரியாது"ன்னாங்க. அப்புறம் கேட்டாங்க, "கிட்னி போனவங்களுக்கும் ரத்தத்துல யூரியா ஏறுதுன்றாங்களே, சுறா வெச்சிருக்கறத அவங்களுக்கு குடுத்தா ஆவுமா?" எனக்கு பதில் தெரியல அண்ணா.

வியாசர்பாடி லேப்காரன்:

அம்மா கேட்டது நல்ல கேள்வி. நேரா குடுக்க முடியாது, கிட்னி போனவங்களுக்கு டிஎம்ஏஓவும் வெளிய போவாம ரத்தத்துல ஏறிடும், அது ஏறினா இதயத்துக்கு ஆவாதுன்னு சந்தேகப்படற ஆய்வுங்க இருக்கு. அவங்க உடம்புல யூரியா சுறா அளவுக்கு போவறதும் இல்ல, அங்க தொல்லை வேற மாதிரி, யூரியால கொஞ்சம் சயனேட்டா மாறி புரதத்துல ஒட்டிக்குது. சேந்தப்புறம் ஒரு நாள் அம்மாவ லேபுக்கு கூட்டிட்டு போ, கோல்ட் ரூம்ல அந்த பைய அவங்க கைல குடு.