கியூப் அவுட், வெயிட் அவுட்: தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

சரக்கு விமானங்கள் பற்றிய கட்டுரைக்கு இந்த இரண்டு சொற்களும் கட்டாயம் வேண்டும். எடை வரம்பைத் தொடும் முன்பே உள்ளே இடம் நிறைந்துவிட்டால் கியூப் அவுட். இடம் மிச்சமிருக்கும்போதே எடை வரம்பு வந்துவிட்டால் வெயிட் அவுட். முன்மடலில் கியூப் அவுட்டுக்கு நீங்கள் தந்த ‘கன நிரம்பல்’ எனக்குச் சரியாகப் படவில்லை. கன மீட்டர் என்று பாடத்தில் படித்தவருக்கு அது கொள்ளளவு. மற்றவர்களுக்குக் கனம் என்றால் பாரம்தான். நேர் எதிராகப் புரிந்துகொள்வார்கள்.

என் பரிந்துரை: இடமுட்டு, எடைமுட்டு. மூட்டையை முட்ட முட்ட நிரப்பினார் என்கிறோமே, அந்த முட்டு.

வாக்கியத்தில் வைத்துப் பார்க்கிறேன். எம்டி-11 பயணிகள் விமானமாகச் சோபிக்கவில்லை. அதைத் தயாரித்த மெக்டானல் டக்ளஸ் வாக்களித்த தூரத்தை அது எட்டாததால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஆர்டரை ரத்து செய்துவிட்டு ஏர்பஸ் ஏ340 பக்கம் போனது. கட்டியது மொத்தமே 200. ஆனால் சரக்குக்கு அந்தத் தூரக் குறை பெரிதில்லை: வழியில் இறங்கி எரிபொருள் போட்டால் பயணி முகம் சுளிப்பார், சரக்குப் பெட்டி சுளிக்காது. ஆசியாவிலிருந்து அமெரிக்கா போகும் சரக்கு விமானங்கள் பல இன்றும் அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கித்தான் போகின்றன. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விற்ற எம்டி-11களை கூரியர் நிறுவனமான ஃபெடெக்ஸ் வாங்கிக்கொண்டது. பழைய விமானம், விலை குறைவு. கூரியர் விமானம் ஒரு நாளில் பறப்பது சில மணி நேரம்தான், அதனால் எரிபொருள் கூடுதலாகக் குடித்தாலும் கட்டுப்படியாகும். கூரியர் பொட்டலங்கள் லேசானவை, பெரும்பாலும் இடமுட்டுதான். அகன்ற உடல் அங்கே கைகொடுக்கிறது.

ஏர்பஸ் ஏ380 இதற்கு மறுபக்கம். இரண்டு முழுத் தளங்கள், ஆனால் சாதாரணச் சரக்கை ஏற்றினால் இடம் காலியாக இருக்கும்போதே எடைமுட்டு. அதன் சரக்கு வடிவத்தைக் கேட்டிருந்த ஃபெடெக்ஸும் இன்னொரு கூரியர் நிறுவனமான யூபிஎஸ்ஸும், விமானம் தாமதமானதால் 2006, 2007-இல் விலகிக்கொண்டன. போயிங் 747-8 கதையே வேறு: கட்டிய 155-இல் 107 சரக்கு விமானங்கள். விமானி அறை மேலே இருப்பதால் மூக்கைத் தூக்கித் திறந்து நீளமான பொருளையும் உள்ளே தள்ளலாம்.

----

ஐயா, வணக்கம். கனம் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் முட்டுப்பாடு என்றால் பற்றாக்குறை, முட்டுக்கொடுத்தல் என்றால் தாங்குதல். ‘இடமுட்டு’ என்று தனியாகப் பார்ப்பவர் இடப் பற்றாக்குறை என்று எடுத்துக்கொள்ளலாம். இடவரம்பு, எடைவரம்பு போதாதா?

----

போதாது என்றே நினைக்கிறேன். அந்த இரண்டு வரம்பும் எல்லா விமானத்துக்கும் உண்டு. எது முதலில் வந்தது என்பதுதான் இங்கே சேதி. உங்கள் தயக்கம் ‘முட்டு’ என்ற பெயர்ச்சொல்லில்தான் இருக்கிறது. வினையாகவே வைத்துக்கொள்வோம்: இடம் முட்டுதல், எடை முட்டுதல். “ஏ380-இல் எடை முட்டிவிட்டது, இடம் முட்டவில்லை” என்றால் யாருக்கும் குழப்பம் வராது. உங்களுக்குச் சம்மதம் என்றால் இப்படியே கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.