தங்கை போட்ட கையெழுத்து

வயல்வெளி:
ஆணுக்கும் பெண்ணுக்கும் சண்டை என்பது உண்மையா என்று கேட்டால், எங்கள் வீட்டுப் பாகப்பிரிவினையைத்தான் சொல்வேன். கும்பகோணம் பக்கம் எங்கள் ஊர். தாத்தா வழி வந்த நன்செய் நான்கு ஏக்கர். அண்ணன்கள் இருவர், நான், தங்கை. அதுவரை வீட்டில் ஆண், பெண் என்று ஒரு பேச்சும் வந்ததில்லை. பெரியண்ணன்தான் என்னைச் சைக்கிளில் வைத்துக் கல்லூரிக்குக் கொண்டுபோய் விடுவார்.

எனக்குக் கல்யாணம் 1988-இல், தங்கைக்கு 1990-இல். இடையில், 1989 மார்ச் 25 முதல், இந்துக் குடும்பத்துப் பூர்வீகச் சொத்தில் மகனைப் போலவே மகளுக்கும் பங்கு உண்டு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணமானவர்களுக்குக் கிடையாது. ஒரே வயிற்றில் பிறந்த எங்களில் அவளுக்கு உண்டு, எனக்கு இல்லை.

1993-இல் நிலத்தைப் பிரித்தபோது, பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரத்தில் தங்கையின் கையெழுத்து தேவைப்பட்டது. கேட்டது அண்ணன்கள் இல்லை, அம்மா. "இருபத்தைந்து பவுன் போட்டுத்தானே அனுப்பினோம்? நாளைக்கு உன் பிள்ளைக்குக் காது குத்த மாமன் மடி வேண்டாமா?" என்றார். தங்கை ஒரு வார்த்தை பேசாமல் போட்டுக் கொடுத்தாள். சார்பதிவாளர் அலுவலக வாசலில் பெரியண்ணன் எல்லாருக்கும் இளநீர் வாங்கினார். அவள் மட்டும் குடிக்கவில்லை. எனக்கு இன்றும் அந்தக் காட்சிதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

அண்ணன்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் சண்டை நடந்தது. பாசத்தின் பேரில் நடந்ததால் அதை யாரும் சண்டை என்று சொல்லவில்லை, அவ்வளவுதான்.

2005-இல் நாடு முழுவதற்கும் திருத்தம் வந்து கல்யாணத் தேதித் தடை போனது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன்பு பதிவான பாகப்பிரிவினையை அது தொடாது. எங்களுடையது முடிந்துபோன கணக்கு. 1929-இலேயே செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அது சட்டமாக 60 வருடம் ஆனது. சட்டம் வந்து நான்கு வருடம் கழித்தும் எங்கள் கூடத்தில் அதைப் பற்றி வாய் திறக்க ஒருவரும் இல்லை. நானும் திறக்கவில்லை.

மூத்தவன்:
அக்கா, நான் அந்தப் பக்கம் நின்றவன். 2011-இல் அப்பா காலமானதும் இரண்டு தங்கைகளிடமும் கையெழுத்து வாங்கினேன். அதே வருடம் என் மனைவிக்குப் பிறந்த வீட்டுப் பங்கு வாங்க வக்கீல் வீட்டுக்கு அலைந்தவனும் நான்தான். இரண்டும் ஒரே விஷயம் என்று அப்போது தோன்றவே இல்லை.

மகளின் பங்கு பிறப்பிலேயே வருவது, அதற்கு 2005-இல் அவளுடைய அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் பேப்பரில் படித்த அன்று தூக்கம் வரவில்லை. போன வருடம் வீட்டு மனையைத் தங்கைகளுக்குத் தான செட்டில்மென்ட் எழுதப் போனேன். சின்னவள் சரி என்றாள். பெரியவள், "தானமாக எதுவும் வேண்டாம் அண்ணா, பங்கு என்று எழுதினால் வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டாள். அவள் சொல்வதுதான் நியாயம். எப்படி எழுதுவது என்று வக்கீலிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வயல்வெளி:
தம்பி, அவள் கேட்டபடியே எழுதிக் கொடுங்கள். பதிவு முடிந்ததும் இங்கே சொல்லுங்கள், என் தங்கையிடம் காட்ட வேண்டும்.