ஸ்டிஃப்னெஸ் எல்லாத்துக்கும் விறைப்புதானா?

எல்லாருக்கும் வணக்கம்,

அக்கா போன வாரம் அனுப்பின துணி சிமுலேஷன் (கம்ப்யூட்டர்ல துணியை நிஜம் மாதிரி அசைய வைக்கிறது) சொல்பட்டியலை, அதான் ஆங்கிலச் சொல்லுக்கெல்லாம் தமிழ் போட்டதை, இப்பதான் முழுசா படிச்சேன். முக்கால்வாசி அப்படியே எடுத்துக்கலாம். உராய்வு, தணிப்பு, காற்றுத்தடை இதுலல்லாம் எனக்குச் சண்டையே இல்ல. ஒரு இடத்துல மட்டும் மாட்டிக்கிட்டேன்.

> டென்ஷன் ஸ்டிஃப்னெஸ் – இழுவிசை விறைப்பு
> கம்ப்ரெஷன் ஸ்டிஃப்னெஸ் – அமுக்க விறைப்பு
> ஷியர் ஸ்டிஃப்னெஸ் – சறுக்கு விறைப்பு
> பெண்டிங் ஸ்டிஃப்னெஸ் – வளைவு விறைப்பு

அகராதியை வச்சுப் பார்த்தா தப்பே கிடையாது. ஆனா நான் சனிக்கிழமை பிளெண்டர்ங்கற 3டி அனிமேஷன் மென்பொருள் சொல்லித்தர்ற பசங்ககிட்ட இந்த நாலையும் கொடுத்துப் பார்த்தேன். கஞ்சி போட்ட வேட்டி கட்டிக்கிட்டு ஒரு பெரியவர் நாலு அடி நடக்கணும், அவ்வளவுதான் வேலை. ஒரு பையன் என்ன பண்ணான், விறைப்புன்னு முதல்ல கண்ணுல பட்டது டென்ஷன்தானே, அதைப் பிடிச்சு 15-ல இருந்து 80-க்குத் தூக்கிட்டான். வேட்டி முன்ன மாதிரியே ஈரத்துணி கணக்கா கால்ல ஒட்டிக்கிட்டு கிடந்துச்சு. சரி பத்தலன்னு நெனச்சு இன்னும் ஏத்துறான், ஏத்துறான், கடைசில குவாலிட்டி ஸ்டெப்ஸ் (ஒரு ஃபிரேமுக்கு எத்தனை தடவை கணக்குப் போடுதுங்கறது) போதாம துணி வெடவெடன்னு நடுங்க ஆரம்பிச்சிடுச்சு, பெரியவருக்குக் குளிர்ஜுரம் வந்த மாதிரி. அவன் தொட்டிருக்க வேண்டிய பெண்டிங்கோ கீழ 0.5-லயே சும்மா உட்கார்ந்திருக்கு.

தப்பு அவன் மேல இல்ல, நம்ம சொல்லு மேல. விறைப்புன்னா நமக்கு என்ன? கஞ்சி போட்ட வேட்டி விறைப்பா நிக்குது, குளிர்ல விரல் விறைச்சுப்போச்சு, போலீஸ்காரர் விறைப்பா நிக்கிறார், எல்லாமே வளையாம நிக்கிறதுதான். ஒரு நூலை ரெண்டு பக்கமும் பிடிச்சு இழுத்துப் பார்த்துட்டு, நீளவே இல்லையே, என்ன விறைப்பு பாருன்னு யாராவது சொல்லிக் கேட்டிருக்கோமா?

ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்தே வர்ற குணமும் இல்ல. பட்டுப்புடவையை நீளவாக்குல எவ்வளவு இழுத்தாலும் நீளாது, ஆனா கொசுவம் வச்சா சொன்னபடி மடியும். பனியன் துணி இழுத்தாலும் வரும், வளைச்சாலும் வரும். ரப்பர் ஷீட்டு இழுத்தா வரும், மடிச்சா மட்டும் மறுபடி எந்திரிச்சுக்கும். சிமுலேஷன் எழுதினவங்களும் இதை ஆரம்பத்துலேர்ந்தே பிரிச்சுத்தான் வச்சிருக்காங்க. 1995-ல ப்ரோவோ எழுதின கட்டுரையில துணியை புள்ளிகளும் ஸ்பிரிங்குகளுமா வச்சு, பக்கத்துப் புள்ளிக்கு ஒரு ஸ்பிரிங், மூலைவிட்டத்துல ஒண்ணு, ஒரு புள்ளியைத் தாண்டி அடுத்ததுக்கு ஒண்ணுன்னு மூணு வகை. 1998-ல சிக்கிராஃப்ங்கற கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் மாநாட்டுல பராஃபும் விட்கினும் சொன்னதுலயும் இழுவை, ஷியர், வளைவுன்னு தனித்தனி விசை. துணி வளையிறதுக்குக் காட்டுற எதிர்ப்பைவிட நீள்றதுக்குக் காட்டுற எதிர்ப்பு ரொம்ப ரொம்ப அதிகம், அதனாலதான் கணக்கு குட்டிக்குட்டி அடியாத்தான் நகர முடிஞ்சது, அதைத் தாண்டத்தான் அவங்க பெரிய அடி வச்சாலும் கணக்கு சிதறாத இம்ப்ளிசிட் முறைக்குப் போனாங்க. (இந்த மாதிரி சமன்பாட்டுக்கும் கணக்குக்காரங்க ஸ்டிஃப்னுதான் பேர் வச்சிருக்காங்க, அதையும் விறைப்புன்னு போட்டா சோலி முடிஞ்சது.)

இதுல இன்னொரு சிக்கல், பதினொண்ணாம் வகுப்பு இயற்பியல் புத்தகத்துல விறைப்புக் குணகம்னு ஒண்ணு இருக்கு, அது ஷியருக்கு. பையன் அதைப் படிச்சுட்டு வந்தா விறைப்புன்னதும் மூணாவது ஸ்லைடரைத்தான் தேடுவான்.

அதனால என் யோசனை: விறைப்புங்கற சொல்லை வளைவுக்கு மட்டும் விட்டுடுவோம், அடைமொழி கூட வேணாம், வெறும் விறைப்பு. மத்த மூணுக்கும் "பிடி" சேர்ப்போம். இழுபிடி, ஒடுங்குபிடி, சறுக்குபிடி. இழுக்கறப்ப நூல் எவ்வளவு கெட்டியா பிடிச்சு வச்சிருக்குங்கற அர்த்தத்துல.

விறைப்பை அளக்கிறதுக்கு 1930-லயே பியர்ஸ்ங்கறவர் ஒரு எளிய வழி சொல்லிட்டுப் போயிருக்கார், பசங்களுக்கு அதைத்தான் செஞ்சு காட்டினேன். துணியில ஒரு பட்டையை வெட்டி மேஜை விளிம்புல மெதுவா வெளிய தள்ளணும், அது தலை குனிஞ்சுக்கிட்டே வரும், நுனி 41.5 டிகிரி சரிவுக்கு இறங்கினதும் நிறுத்தி, வெளிய நீட்டின நீளத்துல பாதியை எடுத்துக்கணும். அந்த நீளத்தை மூணு தடவை பெருக்கி வர்ற கனத்தை (க்யூப்) துணியோட சதுர மீட்டர் எடையால பெருக்கினா விறைப்பு வந்துடும். கனம்ங்கறதால நீளம் ரெண்டு மடங்கானா விறைப்பு எட்டு மடங்கு. பழைய வேட்டிலேர்ந்து ரெண்டு பட்டை கிழிச்சு ஒண்ணை மட்டும் கஞ்சில முக்கிக் காய வச்சிருந்தேன், முக்காதது மேஜையைத் தாண்டினதுமே கவுந்துடுச்சு, முக்கினது பாட்டுக்கு டைவிங் போர்டு மாதிரி நீட்டிக்கிட்டே போகுது. அந்தப் பையன் உடனே சொன்னான், சார் இதுதான் விறைப்பு, அப்ப நான் ஏத்தினது என்னதுன்னு. அந்தக் கேள்விக்காகத்தான் இந்த மடல்.

---

அண்ணே, நான் டெக்ஸ்டைல் டிப்ளமோ, சிமுலேஷன் தெரியாது, ஆனா துணி தெரியும். இழுபிடி எனக்கு ஓகே. சறுக்குதான் உதைக்குது. கர்ச்சீப்பை எடுத்து நூலோட போக்குலயே இழுங்க, வராது. இப்ப எதிரெதிர் மூலையைப் பிடிச்சு இழுங்க, சொகமா வரும். நூல் நீளலைங்க, பாவும் (நீளவாக்கு நூல்) ஊடையும் (குறுக்கு நூல்) குறுக்க வெட்டிக்கிற இடத்துல கத்தரிக்கோல் மாதிரி திரும்புது, சதுரக்கட்டம் சாஞ்சு போகுது. டெய்லருங்க கிராஸ்ல வெட்டுறாங்களே, எல்லாம் இதை நம்பித்தான். எங்க பக்கம் சறுக்கலுன்னா தையல் ஓரத்துல நூல் நகந்து வாய் பிளந்துக்குமே, அதைச் சொல்லுவோம். துவைச்ச வேட்டி சாஞ்சு காஞ்சா அம்மா என்ன சொல்லும்? கோணிக்கிச்சுன்னு சொல்லும், ரெண்டு பேரா மூலையைப் பிடிச்சு உதறி நேராக்குவோம். அதனால கோணல்பிடின்னு வச்சுக்கலாமே.

அப்புறம் உங்க பட்டியல்ல பாவு ஊடையே காணோம்? மார்வலஸ் டிசைனர்ங்கற உடை வடிவமைப்பு மென்பொருள்ல ரெண்டுக்கும் தனித்தனி ஸ்லைடர் இருக்கறதா என் மச்சான் காட்டினான், அதுக்கு நீளவாட்டு, குறுக்குவாட்டுன்னு புதுசா எதுவும் பண்ணிடாதீங்க. தறிக்காரங்க அத்தனை பேரும் பேசுற சொல்லு கையில இருக்கு.

---

தம்பி சொல்வது நல்ல யோசனைதான், ஆனால் இழுபிடி என்றதும் எனக்கு இழுபறிதான் காதில் விழுகிறது. அதோடு ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருப்பதை நாம் இரண்டாக உடைத்தால், நாளைக்கு இதே மாணவன் ஆங்கிலக் கையேட்டைத் திறந்ததும் குழம்ப மாட்டானா? இதையும் யோசியுங்கள். துணி மடிந்து தொங்கும் விதத்தைக் குறிக்கும் டிரேப் என்பதற்கு ஒருவர் விழல் என்று போட்டிருக்கிறார், துணி நன்றாக விழுகிறது என்று ஜவுளிக்கடையில் சொல்வதிலிருந்து எடுத்திருப்பார் போல, ஆனால் விழலுக்கு இறைத்த நீர் என்று யாராவது ஒருவர் கட்டாயம் ஆரம்பிப்பார், முதல் ஆளாக நானே ஆரம்பித்துவிட்டேன். தழையத் தழையக் கட்டுவது என்கிறோமே, தழைவு பொருந்துமா பாருங்கள்.

---

ஐயா, தழைவு பிரமாதம், எடுத்துக்கிட்டேன். கூசிக் முறையில 18 சென்டிமீட்டர் வட்டத் தட்டு மேல 30 சென்டிமீட்டர் வட்டத் துணியைப் போட்டு, வெளிய தொங்குற வளையத்தோட நிழலை அளப்பாங்க. தொங்குற துணி எத்தனை சதவீதம் விரிஞ்சு நிக்குதுங்கறதுதான் டிரேப் கோயெஃபிஷன்ட். அதுல எண் கூடினா துணி நல்லா விழலைன்னு அர்த்தம், அதைத் தழைவு எண்ணுன்னு போட்டா தலைகீழா புரிஞ்சுக்குவாங்க, அதனால அந்த ஒண்ணை மட்டும் நிழல் சதவீதம்னு போடலாம்னு இருக்கேன்.

ஆங்கிலத்துல ஒரே சொல்தான்யா, ஆனா அந்தச் சொல்லு அங்கயும் படிக்கிறவங்களைக் குழப்பத்தான் செய்யுது, அந்தக் குழப்பத்தையும் சேர்த்து நாம ஏன் மொழிபெயர்க்கணும்? இழுபறி ஞாபகம் வந்தா வந்துட்டுப் போகட்டும், ரெண்டு பக்கமும் இழுக்கறதுதானே விஷயமே. கோணல்பிடிக்கு டெக்ஸ்டைல் தம்பிக்கு ஒரு கும்பிடு, பாவும் ஊடையும் சேர்த்தாச்சு. பிளெண்டர்ல அது ரெண்டுக்கும் தனி ஸ்லைடர் கிடையாது, ஆனா புள்ளிகளுக்கு வெயிட் பெயின்ட் பண்ணி (பிரஷ்ஷால தடவி இடத்துக்கு ஒரு அளவு கொடுத்து) இடத்துக்கு இடம் விறைப்பை மாத்தலாம், பட்டுப்புடவையில ஜரிகை பார்டருக்கு ஒண்ணு, உடலுக்கு ஒண்ணுன்னு.

அக்காவுக்கு இன்னும் ஒண்ணு. வெர்டெக்ஸ் மாஸுக்குத் துணி எடைன்னு போட்டிருக்கீங்க, அது துணியோட எடை இல்லக்கா, ஒவ்வொரு புள்ளிக்குமான நிறை. அஞ்சரை மீட்டர் புடவை, அகலம் 1.2 மீட்டர், சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளின்னு வச்சா கிட்டத்தட்ட 66,000 புள்ளி. பிளெண்டர்ல முதல்ல இருக்கற 0.3 கிலோவை அப்படியே விட்டா 19,800 கிலோ, லாரி லோடு. கைல இருக்கற காட்டன் புடவை ஒரு கிலோ கூட வராது. புள்ளியைக் கூட்டினதும் புடவை ஏன் வேற மாதிரி தொங்குதுன்னு பசங்க கேக்கறது இதனாலயும்தான். புள்ளி நிறைன்னு மாத்திடுங்க.

மத்ததெல்லாம் ஷீட்டுல ஏத்திட்டேன். ஒடுங்குபிடி எனக்கே பிடிக்கல, வாயில நுழைய மாட்டேங்குது, அமுக்குபிடின்னாலும் யாரையோ அடிச்சுப் போடுற மாதிரி இருக்கு. இப்போதைக்குப் பக்கத்துல ஒரு கேள்விக்குறி போட்டு வச்சிருக்கேன், யாருக்காவது தோணினா அங்கயே எழுதிடுங்க.